சீக்காளிக்குக் கடன் கொடுக்கலாமா?

தொழில் கடன் கொடுத்தால் வருமானம் வரும், வருமானம் வந்தால் உடம்பு தேறும் என்று மேடையில் பேசுவது சுலபம். பென்னாகரம் பக்கத்துக் கிராமங்களில் மகளிர் குழுக்களோடு வேலை பார்த்த காலத்தில் நான் அதிகம் பார்த்தது வேறு. ஆடு வாங்க என்று எழுதி வாங்கிய பணம் ஸ்கேன் எடுக்கப் போகும். கடை வைக்க வாங்கியது மருந்துக்கடை பாக்கிக்குப் போகும். தீர்மான நோட்டில் ‘கறவை மாடு’ என்று இருக்கும்; போய்ப் பார்த்தால் கொட்டகையில் மாடு இருக்காது, வீட்டுக்குள் கால் முறிந்த மாமனார் கட்டிலில் கிடப்பார். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால், எந்தப் பெயரில் வந்த பணமும் அங்கேதான் போகும்.

ஆனாலும் கடனால் தேறிய வீடுகளும் உண்டு. அங்கே என்ன செய்தார்கள் என்பதைப் புதிதாகக் குழு வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கும், ஊராட்சியில் உள்ள குழுக்களெல்லாம் சேர்ந்த ஊராட்சிக் கூட்டமைப்பில் பொறுப்பில் இருக்கும் பெண்களுக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

பென்னாகரம் இருக்கும் தர்மபுரி மாவட்டத்துக்குக் குழு புதிதல்ல. தமிழ்நாட்டில் அரசு மகளிர் குழுக்களைத் தொடங்கியதே இங்கேதான், 1989இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. குழுக்களை வங்கியோடு இணைக்கும், கிராம வளர்ச்சிக்கான தேசிய வங்கி நபார்டின் முன்னோடித் திட்டமே 1992இல்தான் வந்தது. நோயும் இங்கே புதிதல்ல. ஒரு லிட்டர் தண்ணீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது. அதைத் தாண்டிய போர் தண்ணீரைத் தலைமுறையாகக் குடித்த ஊர்கள் இவை. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் செயல்பாட்டுக்கு வந்தது. ஆனால் அதற்கு முன்பே எலும்பில் ஏறிவிட்டது இறங்குவதில்லை. நாற்பது வயதில் முட்டியை மடக்கி உட்கார முடியாதவர்களை இங்கே எந்தத் தெருவிலும் பார்க்கலாம். இதோடு கல்குவாரித் தூசி, பெங்களூரு கட்டட வேலையில் விழுந்து வந்தவர்கள், காசநோய், இப்போது வீட்டுக்கு வீடு சர்க்கரை.

ஒரு வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். கணவர் பெங்களூருவில் சாரத்திலிருந்து விழுந்தார். தனியார் ஆஸ்பத்திரியில் சேர்க்க அவசரத்துக்கு 20,000 ரூபாயைப் பத்து வட்டிக்கு வாங்கினார்கள். நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய். ஆக மாதம் 2,000 வட்டி மட்டும். அசல் அப்படியே நிற்கும். நூறு நாள் வேலையில் ஒரு நாளைக்கு 300 சொச்சம் கூலி என்றால், ஆறேழு நாள் வேலை வட்டிக்கே போயிற்று. கந்துவட்டியைத் தடுக்க 2003இலேயே சட்டம் போட்டாயிற்று. ஆனால் ராத்திரி பதினோரு மணிக்குக் கதவைத் தட்டினால் பணம் எடுத்துத் தருகிறவர் வட்டிக்காரர் ஒருவர்தான்.

அந்த வீட்டு அக்கா குழுவில் கேட்டது தையல் மெஷினுக்குக் கடன். குழுவை நடத்தும் ஊக்குநர் கணக்கில் கெட்டிக்காரி. “மெஷினு வாங்கி மாசம் எவ்ளோ சம்பாரிப்ப? ரெண்டாயிரம் வருமா? அதான் வட்டிக்கே போயிடுமே, அப்பறம் எங்க கடன எதுல கட்டுவ?” என்றார். அன்றைக்குப் போட்ட தீர்மானத்தில் மெஷின் இல்லை. வெளிக்கடனை அடைக்கக் குழுவின் சேமிப்பிலிருந்தே 20,000 உள்கடன், இரண்டு வட்டி, இருபது தவணை. முதல் மாதம் அசல் 1,000, வட்டி 400, ஆக 1,400. அசல் குறையக் குறைய வட்டியும் மாதம் 20 ரூபாய் இறங்கும். வட்டிக்காரருக்குக் கட்டிய 2,000த்தோடு பார்த்தால் முதல் மாதமே 600 மிச்சம். இருபது மாதத்தில் கடனே முடிந்துவிடும். முட்டை ஆறு ரூபாய் என்று வைத்தால் அந்த 600க்கு நூறு முட்டை. வீட்டில் மூன்று பேருக்கும் தினம் ஒன்று. எலும்பு கூட வேண்டிய மனுஷனுக்கு டாக்டர் சொன்ன சத்தான சாப்பாடு அந்த வீட்டுக்குள் வந்தது இந்த வழியில்தான். தையல் மெஷின் அதற்கப்புறம் வந்தது, நிலைத்தது.

கடனை அடைக்கக் கொடுக்கும் கடனை உற்பத்தி சாராதது என்று சொல்லிப் பல அதிகாரிகள் ஒதுக்குவார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. நோய் புகுந்த வீட்டுக்கு முதல் கடன் வட்டிக்காரரிடமிருந்து மீட்கும் கடனாகத்தான் இருக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை மட்டும்: பணத்தை உறுப்பினர் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். குழுவிலிருந்து இரண்டு பேர் கூடவே போய், பணத்தைக் கட்டி, புரோநோட்டையும் கையெழுத்துப் போட்ட வெற்றுக் காகிதம் இருந்தால் அதையும் திரும்ப வாங்கி, அங்கேயே கிழித்துப்போட வேண்டும். இதைச் செய்யாத இடத்தில் ஒரே கடனுக்கு இரண்டு தடவை கட்டியவர்கள் உண்டு.

சரி, குழு ஒத்துக்கொள்ளுமா? பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாது. “அவ சீக்காளி அக்கா. இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கா. அவ கட்டலன்னா யாரு கட்றது, நாங்கதான?” இந்தப் பேச்சைக் கேட்டு நான் யாரையும் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்ததில்லை. பன்னிரண்டு பேரில் ஒருவர் கட்டாமல் விட்டால் அடுத்த வங்கிக் கடன் எல்லோருக்கும் நின்றுபோகும். அவர்கள் பயம் நியாயமானது. அறிவுரை சொல்லி அந்தப் பயத்தை அகற்ற முடியாது. சிகிச்சைச் செலவு இந்தக் கடன் பணத்தைத் தின்னாது என்று காட்ட வேண்டும்.

அதனால் கடன் மனுவுக்கு முன்னாலேயே ஒரு வேலை இருக்கிறது. முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பார்ப்பது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் கிடைக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார், அப்புறம் கலெக்டர் ஆபீசில் இருக்கும் காப்பீட்டு மையம். ஒரு நாள் கூலி போகும், அவ்வளவுதான். உடம்பு நன்றாக இருக்கும்போதே இதை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். விழுந்த பிறகு ஓடினால் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு சான்றிதழுக்கு அலைய வேண்டியிருக்கும். பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. மாத்திரை வீட்டுக்கே வரும். ஒரு குழுவில் உட்கார்ந்து ஆளாளுக்கு மருந்துக்கடையில் எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று எழுதச் சொன்னோம். ஒரு தவணைக்குக் கட்டுமளவு காசு இலவசமாகக் கிடைக்கும் மாத்திரைக்கே போய்க்கொண்டிருந்தது.

காசநோய் வீட்டுக்கு வேறொரு வழி. மாத்திரை ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, கடுமையான காலம், வாந்தி வரும், சோறு இறங்காது. அந்த இரண்டு மாதத்தில் எந்தத் தொழிலும் பேசக் கூடாது. சாப்பாடு மட்டும்தான். சென்னையில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் ஜார்கண்டில் நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. நோயாளிக்கும் வீட்டாருக்கும் உணவுப் பொருள் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறியவர்களில் இறப்பு வெகுவாகக் குறைந்தது. கூட இருந்தவர்களுக்கு நோய் வருவதும் குறைந்தது. சத்துணவுக்கு மத்திய அரசு மாதம் 500 ரூபாய் 2018லிருந்து கொடுத்தது, 2024 நவம்பர் முதல் 1,000 ஆக்கியது. அந்தப் பணம் வர வங்கிக் கணக்கு எண்ணைச் சரியாகப் பதிய வேண்டும். கணக்கே இல்லாமல், அல்லது பயன்படுத்தாமல் முடங்கிப்போய்ப் பணம் வராமல் போனவர்கள் பலர். குழுவில் கணக்கெழுதத் தெரிந்த ஒரு பெண் கூடப் போனால் முடிகிற காரியம். எடை ஏறட்டும், மூன்றாம் மாதம் தொழில் பேசுவோம் என்பது எங்கள் பழக்கமாயிற்று.

இனி முக்கியமான விஷயம். எந்த உடம்புக்கு எந்தத் தொழில்?

குழுக் கடன் என்றாலே ஆடு என்று ஒரு வழக்கம். ஆடு நல்லதுதான். சினை ஐந்து மாதம், இரண்டு குட்டி போடும், குட்டியை விற்க இன்னும் ஆறேழு மாதம். ஆனால் இந்த ஒரு வருஷமும் தவணை நிற்காது. சீக்கு வீட்டில் ஆடு விற்பனைக்கு வருவது குட்டி வளர்ந்த பிறகு அல்ல, அடுத்த ஆஸ்பத்திரிச் செலவு வந்த அன்று. சினையாட்டையே வியாபாரியிடம் அடிமாட்டு விலைக்குக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். அதோடு காட்டில் மேய்க்க நாள் முழுக்க நடக்க வேண்டும். முட்டி போனவர் எப்படி நடப்பார்? தினக்கூலிக்குப் போகிற ஒருவர் வீட்டில் இருந்து, மேய்க்கத் தெம்பாய் ஒரு பெரியவரும் இருந்தால் மட்டும் ஆடு. அப்போதும் கால்நடை மருந்தகத்தில் ஆட்டுக்கொல்லி நோய்க்கான தடுப்பூசி போட்ட பிறகே பணம் முழுதாக விடுவோம்.

பால் மாடு என்றால் காசு சீராக வரும். சங்கத்தில் ஊற்றினால் பட்டுவாடா நாளில் கையில் விழும். ஆனால் ஒரு மாட்டின் விலை சீக்கு வீட்டுக்குத் தாங்காது. காலையும் மாலையும் குனிந்து கறக்க வேண்டும், புல் அறுத்துச் சுமக்க வேண்டும். இன்னொன்றும் நடக்கும். கடன் கட்டும் அவசரத்தில் சொட்டு விடாமல் ஊற்றிவிடுவார்கள். மாடு வருவதற்கு முன் கடையில் பாக்கெட் பால் வாங்கிக் கொடுத்த வீட்டில், மாடு வந்த பிறகு பிள்ளைக்கு வரக்காப்பி. ஒரு குழுவில் இதற்கே தீர்மானம் போட்டார்கள்: நாளைக்கு அரை லிட்டர் வீட்டில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த கடன் கிடையாது. சட்டம் மாதிரி எழுதியதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரி கவனித்துக்கொண்டே இருந்ததால் அது நடந்தது.

இட்லிக் கடையில் தினம் காசு பார்க்கலாம். இதைத்தான் பலர் கேட்பார்கள். நெஞ்சு கெட்டவர்களுக்கு நான் வேண்டாம் என்பேன். விடியற்காலையில் விறகடுப்பு முன்னால் மூன்று மணி நேரம் நிற்பது ஆறிவரும் நுரையீரலுக்குச் செய்யும் துரோகம். அதோடு ஊர் வாய். மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டால் சில வாரங்களிலேயே மற்றவர்க்குத் தொற்றும் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும் என்பது நர்ஸுக்குத் தெரியும், இட்லி வாங்க வருகிறவருக்குத் தெரியாது. அவர் அடுத்த கடைக்குப் போவார். இப்படிப்பட்ட வீட்டில் கிரைண்டர் வைத்து மாவு ஆட்டி, வீட்டில் இன்னொருவர் கையால் விற்றால் புகையும் இல்லை, பேச்சும் குறைவு. இட்லிக் கடையே வேண்டும் என்று நின்றால், கடன் தொகையில் கேஸ் அடுப்பையும் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும்.

முட்டியும் இடுப்பும் போனவர்களுக்குத் தையல் மெஷின் என்று எல்லோரும் சொல்வார்கள். மிதிக்கிற மெஷினை அவர்கள் எப்படி மிதிப்பார்கள்? மெஷினில் சின்ன மோட்டார் ஒன்று பொருத்திக்கொள்ளலாம், மெஷின் விலையோடு பார்த்தால் பெரிய செலவில்லை. கடன் மனுவில் அதற்கும் ஒரு வரி எழுத வேண்டும், அவ்வளவே. இதைக் கேட்கத் தெரியாமல் மெஷினை மூலையில் போட்டு மேலே துணி மடித்து வைத்திருந்த வீடுகள் எத்தனை.

எங்கள் பக்கத்துக்கென்றே ஒன்று உண்டு, புளி. மாசி, பங்குனியில் உலுக்கிய புளி வரும். வியாபாரிகள் வீட்டுக்கு வீடு கொடுத்து ஓடு தட்டி, கொட்டை எடுக்கச் சொல்லி கிலோ கணக்கில் கூலி கொடுப்பார்கள். இதைக் கூலியாகச் செய்யாமல் சொந்தமாகப் புளி வாங்கித் தட்டி, விலை ஏறும்வரை வைத்திருந்து விற்றால் லாபம். உட்கார்ந்த இடத்தில் வேலை, பாட்டியும் சேர்ந்து தட்டலாம், முடியாத நாளில் மூடி வைத்துவிடலாம், கெட்டுப்போகாது. சீக்கு வீட்டுக்கு இதைவிடத் தோதான தொழில் எனக்குத் தெரியவில்லை. ஆனால் பணம் மாதக்கணக்கில் மூட்டைக்குள் அடைந்து கிடக்கும். மாதத் தவணை போட்டால் விலை இல்லாத நேரத்திலேயே விற்றுத் தவணை கட்டுவார்கள், லாபம் மண்டிக்காரருக்குப் போகும். அதனால் புளிக் கடனுக்கு மாதம் வட்டி மட்டும், அசல் விற்றதும் ஒரே தடவை. வங்கி இப்படித் தராது. குழுவின் சொந்தச் சேமிப்பிலிருந்து தரும் உள்கடனில் இதைச் செய்யலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை.

எந்தத் தொழில் ஆனாலும் நான் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. வேலையை யார் செய்யப் போகிறார்? குவாரியில் நெஞ்சு போன கணவர் பெயரைச் சொல்லிக் கடன் கேட்பார்கள். அவரைப் பார்ப்பது, சமைப்பது, தண்ணீர் பிடிப்பது எல்லாம் செய்யும் மனைவி தலையில் கடையும் ஏறும். ஏற்கெனவே ரத்தசோகை. இரண்டு வருஷத்தில் அந்த வீட்டில் நோயாளி இரண்டு பேர். இங்கே கடன் தொகையைக் கூட்டுவதால் பயனில்லை. தொழிலைச் சின்னதாக்கி, கணவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கக்கூடிய பெட்டிக்கடை மாதிரி ஒன்றைப் பார்க்க வேண்டும். பெட்டிக்கடையைக் கெடுப்பது கடன் சொல்லி வாங்குவது. உடம்பு முடியாதவர் கடையில் கடன் சொல்வதற்கு ஊரில் யாரும் கூச்சப்படுவதில்லை, அதையும் சொல்லியாக வேண்டும்.

தனியார் நிதி நிறுவனங்கள் கடன் கொடுத்து வாராவாரம் தவணை வசூலிக்கும் வாரக் குழுக்களைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. கடன் வாங்கும்போதே இன்சூரன்ஸ் என்று ஒரு தொகையைப் பிடித்துக்கொள்வார்கள். உறுப்பினர் செத்தால் கடன் கழிந்துவிடும். படுத்துக்கொண்டால்? தவணை நிற்காது. நோய் வீட்டுக்கு வேண்டியது படுத்தால் உதவும் ஏற்பாடு. ரிசர்வ் வங்கி 2022இல் விதி போட்டது, வீட்டு மாத வருமானத்தில் பாதிக்கு மேல் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து போகக் கூடாது என்று. வருமானத்தை எழுதுகிறவர் கடன் கொடுக்க வந்தவரே என்றால் அந்தப் பாதி எவ்வளவு என்பதும் அவர் பேனாவில்தான் இருக்கிறது. வீட்டு முன்னால் வந்து உட்கார்ந்து மிரட்டுவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2025இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. குழுக் கூட்டத்தில் இதை வாசித்துச் சொல்லுங்கள். தெரியாததால் பயப்படுகிறவர்கள்தான் அதிகம்.

எங்கள் குழுக்களில் செய்தது எளிமையானது. சந்தாவோடு ஆளுக்குப் பத்து ரூபாய் தனியாக, மருத்துவ உண்டியல் என்று பெயர். வட்டி கிடையாது. ராத்திரி ஆம்புலன்ஸ் வந்தபின் கைச்செலவுக்கு, கூட இருப்பவர் சாப்பாட்டுக்கு. சின்னத் தொகை, ஆனால் வட்டிக்காரர் வீட்டுக் கதவைத் தட்டாமல் முதல் இரண்டு நாளைத் தள்ளிவிடலாம். அந்த இரண்டு நாளில் காப்பீட்டு வழி திறந்துவிடும். இதோடு, ஆஸ்பத்திரியில் சேர்ந்த சீட்டைக் காட்டினால் மூன்று தவணை தள்ளிவைப்பு. தள்ளிவைத்தால் எல்லோரும் பொய்ச் சீட்டுக் காட்டுவார்கள் என்று பயமுறுத்தினார்கள். ஒரே தெருவில் இருப்பவர்களிடம் யாரும் பொய்யாக நோயாளி ஆக முடியாது.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். நுண்கடனால் வாழ்க்கை புரண்டுவிடும் என்ற பேச்சை ஆய்வுகள் தாங்கவில்லை. இந்தியா உட்பட ஆறு நாடுகளில் நடந்த ஆய்வுகளை 2015இல் சேர்த்து வெளியிட்டார்கள். சிலருக்குத் தொழில் கொஞ்சம் பெருகியது, குடும்ப வருமானமோ வாழ்வோ பெரிதாக மாறவில்லை. அதே 2015இல் ஆறு நாடுகளிலிருந்து இன்னொரு ஆய்வு வந்தது. வங்கதேசத்தில் பிராக் அமைப்பு 2002இல் தொடங்கிய முறையைப் பற்றியது அது. பரம ஏழைக்குக் கடனே கொடுக்காமல் ஆடு, கோழி என்று இலவசமாகக் கொடுத்து, சில மாதம் சாப்பாட்டுச் செலவையும் கொடுத்து, வாராவாரம் ஒருவர் போய்ப் பார்த்து, உடம்பு முடியாவிட்டால் வைத்தியத்துக்கும் வழி செய்வது. அதில் பலன் நிலைத்தது. எங்கள் ஊர்களிலும் அப்படித்தான். எழுந்து நிற்கவே முடியாத வீட்டுக்குக் கடன் மனு எழுதவே கூடாது. ஊராட்சிக் கூட்டமைப்பில் நலிவுநிலை குறைப்பு நிதி என்று ஒன்று இருக்கிறது. பல கூட்டமைப்புகளில் அது செலவாகாமல் வங்கியில் தூங்குகிறது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

இப்போது எங்களுக்கு விடை தெரியாமல் நிற்பது டயாலிசிஸ் வீடுகள். சிகிச்சை அரசு ஆஸ்பத்திரியில் காப்பீட்டில் இலவசம். ஆனால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் போக வேண்டும், கூட ஒருவர் போக வேண்டும். அந்த நாட்களில் கடை மூடிக் கிடக்கும், வாடிக்கை போய்விடும். ஏற்கெனவே கடன் எடுத்த இப்படிப்பட்ட வீடுகளுக்கு அசலை ஒரு வருஷம் நிறுத்தி, வட்டியைக் கூட்டமைப்பின் நிதியிலிருந்து கட்டலாம் என்கிறார்கள் பாதிப் பேர். ஒருவருக்குச் செய்தால் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள் என்கிறார்கள் மீதிப் பேர். போன கூட்டத்திலும் முடிவாகவில்லை. நான் முதல் பாதியோடு இருக்கிறேன். உறுப்பினர் இல்லை என்பதால் எனக்கு ஓட்டு இல்லை.